மேல் கட்டின் எடை

லாரியில் பாரம் அதிகமானால் யார் பொறுப்பு என்று என்னிடம் யாராவது கேட்டால், முதலில் என் கையெழுத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

புனேவில் பழைய அட்டை வாங்கி, கட்டுகளாக அழுத்தி, காகித மில்களுக்கு அனுப்பும் ஒரு கிடங்கில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். ஏரவாடாவில் வீடு. கராடியின் கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டி, ஷேர் ஆட்டோவில் போய் வர வேண்டும். முதல் ஆறு வருடம் தரையில் உட்கார்ந்து அட்டை பிரித்தேன். பத்தாவது வரை படித்தவள், எண்களைத் தெளிவாக எழுதுவாள் என்று தெரிந்ததும் கிடங்கு முதலாளி சேட் என்னை எடை மேசைக்கு மாற்றினார். தமிழ்நாட்டு லாரிகள் வந்தால் டிரைவருக்கும் சேட்டுக்கும் நடுவில் பேசுவதும் என் வேலை. எனக்காக நானே பேச வராது. ஆனால் இன்னொருவர் சொன்னதை எடுத்துச் சொல்வதில் கூச்சம் இருந்ததில்லை. அது என் பேச்சு இல்லையே.

எங்கள் கிடங்கில் லாரியை நிறுத்தி எடை போடும் மேடை கிடையாது. காட்டா என்று இங்கே சொல்லும் அந்த மேடைக்கு மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும். அங்கே எப்போதும் வரிசை. அதனால் நாங்கள் செய்துவந்தது இதுதான். அடுக்கிலிருந்து ஒரு கட்டை இறக்கிச் சின்னத் தராசில் வைப்போம். அந்த எடையை, லாரியில் ஏறிய கட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கிச் சீட்டில் எழுதுவேன். எல்லாம் ஒரே மெஷினில் அழுத்தியவை, ஒன்று போலத்தான் இருக்கும் என்று பேச்சு. எந்தக் கட்டை இறக்குவது என்பதை முகாதம் முடிவு செய்வார். முகாதம் என்றால் பாரம் ஏற்றும் ஆட்களுக்குத் தலைவர். ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட அவர் அடியிலிருந்து ஒரு கட்டைக் கொண்டுவந்ததில்லை. மேலே இருப்பதை இறக்குவது சுலபம், அதனால்தான் என்று வைத்துக்கொண்டேன். வேறு காரணம் இருக்குமோ என்று தோன்றிய நாட்களும் உண்டு. கேட்டதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, ஈரோட்டுப் பக்க மில்லுக்கு லாரி ஏற்றினார்கள். டிரைவர் நாமக்கல் பக்கத்துக்காரர். கிளீனர் இல்லாமல் தனியாக வந்திருந்தார்.

"ஏனுங்க்கா, அட்டைன்னு சொன்னாங்க. இவங்க கருங்கல்லத் தூக்கற மாதிரியில்ல மொனகறாங்க?" என்றார்.

என்ன சொல்கிறான் என்று முகாதம் கேட்டார். சொன்னேன். அவர் சிரித்தார்.

"அவனையே வந்து தூக்கச் சொல்லு தாயி. சாம்பார் குடிச்ச உடம்புக்கு எவ்வளவு பலம்னு பார்ப்போம்."

'தாயி' என்பது மராத்தியில் அக்கா. முதல் பாதியை மட்டும் டிரைவருக்குச் சொன்னேன்.

தராசில் வைத்த கட்டு நூற்றெட்டு கிலோ. நூற்றறுபது கட்டு ஏறியது. பெருக்கிப் பார்த்தால், அந்த லாரி ஏற்றலாம் என்று இருக்கும் அளவுக்குச் சரியாக வந்தது. ஆனால் தார்ப்பாய் போடும்போது நான் பார்த்தேன். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் பாரம் தாங்காமல் நேராகப் படுத்திருந்தன. டயர்கள் தரையோடு பிதுங்கியிருந்தன.

"காட்டா போட்டுட்டுப் போயிரலாங்களாக்கா?" என்று டிரைவர் கேட்டார். நான் முகாதத்தைப் பார்த்தேன். "சீட்டுதான் இருக்கே, அப்புறம் என்ன காட்டா? அரை நாள் வரிசையில் நிற்கணுமா?" என்றார் அவர். அதை அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மாலைக்குள் டிரைவரிடமிருந்து போன் வந்தது. சாத்தாரா ரோட்டில் ஆர்.டி.ஓ. ஆட்கள் லாரியை மறித்து எடை போட்டிருந்தார்கள். அளவுக்கு மேல் இரண்டரை டன். லாரி அங்கேயே நின்றுவிட்டது. டிரைவரின் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, பாரம் ஏற்றிய இடத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பியிருந்தார்கள்.

"வழியில் வெங்காயம் ஏத்தியிருப்பான். இவங்க எல்லாரும் செய்றதுதானே" என்றார் சேட்.

நானும் அதை நம்பத்தான் விரும்பினேன். கிளம்பும் முன் டிரைவர் என்னிடம், வெங்காய மண்டிகள் இருக்கும் மார்க்கெட் யார்டு வழியாகப் போகலாமா என்று கேட்டிருந்தார். வழி கேட்டாரா, சரக்கு பிடிக்கக் கேட்டாரா? வீட்டில் சமைக்கும்போதும் அதே யோசனை. அவர் மேல் சந்தேகம் வந்தபோது மனசு லேசானது. அந்த லேசுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஸ்பிரிங் பட்டைகள் எங்கள் கேட்டுக்கு உள்ளேயே படுத்துவிட்டனவே.

மறுநாள் முகாதம் வருவதற்கு முன், கட்டுகளை அடுக்கி வைக்கும் கொட்டகைக்குப் போனேன். முதல் நாள் ஏற்றியது போக ஓர் ஓரத்தில் அடிக் கட்டுகள் சில மிஞ்சியிருந்தன. கால்வாய் அடைத்து, தரையில் தண்ணீர் நின்றிருந்தது. கட்டுக்குள் விரலை விட்டேன். தண்ணீர் கசிந்து முழங்கை வரை வழிந்தது. அட்டை பிரிக்கும் பெண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, ஒரு கட்டைத் தள்ளுவண்டியில் சாய்த்துத் தராசுக்குக் கொண்டுபோனோம். நூற்று முப்பத்தொன்பது. கொட்டகையில் வைத்திருந்த நான்கு அடுக்கில் கீழ் இரண்டு அடுக்கு நனைந்திருந்தால் எண்பது கட்டு. கூடுதலாக இருந்த முப்பத்தொரு கிலோவை எண்பதால் பெருக்கினேன். கிட்டத்தட்ட இரண்டரை டன் வந்தது. வெங்காயத்துக்கு இடமே இல்லை.

பத்து மணிக்கு டிரைவர் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். சட்டை கசங்கிக் கிடந்தது. சேட் அறையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது, மராத்தியில். டிரைவருக்கு அந்த எழுத்து தெரியாது. பஸ் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் படிக்க வந்திருந்தது.

"லாரியை விடுவிக்கிறதுக்கான கடிதம்னு உங்க பாஷையில் சொல்லு. கையெழுத்துப் போடட்டும்" என்றார் சேட்.

கடிதத்தில், கிடங்கிலிருந்து சரியான எடையோடு கிளம்பியதாகவும், வழியில் தானே வேறு சரக்கு ஏற்றியதாகவும் டிரைவர் ஒப்புக்கொள்வதாக இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் லைசென்ஸ் போகும். லாரி முதலாளியும் அவரை வைத்துக்கொள்ள மாட்டார். டிரைவர் பேனாவைக் கையில் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்குதுங்க்கா?"

எடுத்துச் சொல்வதுதானே என் வேலை. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். டிரைவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"என்ன சொன்னே?" என்று சேட் கேட்டார்.

"எழுதியிருக்கறதச் சொன்னேன்."

பிறகு, யாரும் கேட்காமலே, அடிக் கட்டை எடை போட்டதையும் சொன்னேன். முகாதம் என் பக்கம் திரும்பினார்.

"உன்னை யாரு தாயி போடச் சொன்னது?"

"அப்போ தப்பு உன் சீட்டில்தான்" என்றார் சேட். "அதையே எழுதிக் கொடு."

எழுதினேன், கோணல் மராத்தியில். ஒரு கட்டை மட்டும் எடை போட்டுப் பெருக்கினேன். கீழ்க் கட்டுகள் நனைந்திருந்தன. கிடங்கில் இதுதான் வழக்கம். கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னார் சேட். "அதுவும் உண்மைதான்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். மில்லில் எடைக்குத்தான் காசு, அதனால் ஒரே நடை வாடகையில் எவ்வளவு எடை கூடப் போனாலும் அது அவருக்கு லாபம்தான். அந்தத் தண்ணீரைப் பற்றி அவருக்கு முன்பே தெரியுமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கட்டைத் தேர்ந்தெடுத்தது முகாதம் என்பதை நான் எழுதவில்லை. அவர் வேண்டுமென்று செய்தாரா என்பதும் எனக்குத் தெரியாது.

டிரைவர் அந்தக் காகிதத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். வாசலில் என்னை நிறுத்தினார்.

"அன்னைக்கு லோடு ஏத்தி முடிச்சப்பவே பட்டை படுத்திருச்சு. நீங்களும் பாத்தீங்கதானுங்க்கா?"

"பாத்தேன்."

"அப்பறம் எதுக்குங்க சீட்டுப் போட்டீங்க?"

நான் கேட்டைத் திறந்துவிட்டேன். வெளியே கால் வைத்தபடி அவரே, "நானுந்தான் பாத்தேன். கெளம்புனாப் போதும்னு வண்டிய எடுத்துட்டேன்" என்றார். போய்வருகிறேன் என்று சொல்லாமல் போய்விட்டார்.

லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. கிடங்குக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. தமிழ் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால் என்னை மேசையிலிருந்து எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். முகாதம் இப்போது என்னைத் தாயி என்று கூப்பிடுவதில்லை, மேடம் என்கிறார்.

இரண்டு மாதம் கழித்து அதே டிரைவர் வந்தார். எனக்கு வணக்கம் சொல்லவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய், குனிந்து, அடி வரிசையிலிருந்து ஒவ்வொரு கட்டிலும் விரலை விட்டுப் பார்க்க ஆரம்பித்தார். நான் சீட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, அடுத்த வரிசையைப் பார்க்கப் போனேன். நான் பார்த்து முடித்த கட்டுகளையும் அவர் மறுபடி ஒருமுறை பார்த்தார்.