வளைவுக்குப் பூசிய சிமென்ட்

அண்ணனை வழியனுப்ப அன்று கொட்டும் மழையிலும் வந்து நின்ற உறவினர்களே, நண்பர்களே, ஓராண்டாக நான் வாய் திறக்காத ஒன்றை இந்த முதலாண்டு நினைவு மலரில் எழுதுகிறேன்.

அண்ணன் ராஜகீழ்ப்பாக்கத்தில், தாத்தா வாங்கிய மாந்தோப்பு பங்களாவில் பிறந்தார். அப்பா காலமானபோது அவர் பத்தாம் வகுப்பு. படிப்பை விட்டு அரிசிக் கடையில் நின்றார். என்னை சிவில் இன்ஜினியரிங் படிக்க வைத்தார். தோப்பு மனைகளாகப் பிரிந்து விற்றுப்போனபோதும் அதன் நுழைவாயில் வளைவை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மாட்டுவண்டி நுழையும் அகலம், இரண்டு தடித்த தூண்கள், அரைவட்டமாகச் செங்கல் அடுக்கிய வளைவு, உச்சியில் இரண்டு சுதைக் கிளிகள். கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, வெயிலிலும் தொட்டால் சில்லென்றிருக்கும். கடைக்குக் கிளம்பும்போது தூணை ஒருமுறை தட்டிவிட்டுத்தான் போவார்.

தன் மகள் கல்யாணத்துக்கு முன், வளைவில் விழுந்திருந்த விரிசலை அடைக்க மேஸ்திரியை அழைத்தார். சுண்ணாம்புதான் போட வேண்டும், பத்து நாளாகும் என்றார் மேஸ்திரி. நான் சிமென்ட் என்றேன்.

“வாணாம் சார். சிமென்ட் பூசினா மழத்தண்ணி உள்ளயே நின்னுகினு செங்கல்ல அரிச்சிடும். வெளிய ஒண்ணும் தெரியாது.”

“சிவில் படிச்சது நானா, நீயா?” என்று கேட்டேன். வயதில் மூத்தவரை ஒருமையில் பேசினேன்.

அண்ணன் சிரித்தார். “விடுங்க மேஸ்திரி. தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

கல்யாணப் போட்டோக்களில் வளைவு பளிச்சென்றிருக்கிறது. அடுத்த ஐப்பசி மழையில் ஒரு மாலை, என் கார் ஹாரன் கேட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வளைவுக்கு அடியிலிருந்த இரும்புக் கதவைத் திறக்க வந்தார் அண்ணன். “வந்துட்டேன்டா” என்றார். உள்ளுக்குள் ஊறிப்போயிருந்த வளைவு கிளிகளோடு அவர்மேல் சரிந்தது. எதிர் டீக்கடையிலிருந்து ஓடிவந்து, வெறுங்கையால் செங்கற்களைப் புரட்டியவர் அதே மேஸ்திரி. மருத்துவமனை போய்ச் சேருமுன் அண்ணன் போய்விட்டார்.

“மேஸ்திரி வேலை சரியில்லை” என்று நீங்கள் பேசிக்கொண்டீர்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பினீர்கள். பாவி நான், பந்தலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து இந்தப் பக்கம் அவருக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை.

அவர்மேல் குற்றமில்லை. சிமென்ட் பூசச் சொன்னவன் நான். அண்ணியின் காலில் விழுந்து சொல்லிவிட்டேன். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

துணை நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி; முதல் நன்றி மேஸ்திரிக்கு. அவர் வீட்டுக்குப் போய் அழைத்தேன், பதில் சொல்லவில்லை. இன்றைய பந்தியில் முதல் இலை அவருக்குத்தான் போட்டிருக்கிறது. அவர் வந்து உட்காரும்வரை பந்தி தொடங்காது.