கச்சான் சுருளில் போன நட்சத்திரம்

மண்முனைப் படகுத்துறையில் வறுத்த கச்சான் கடலை விற்ற மங்கையற்கரசி ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவள். சுருள் சுற்ற வாங்கும் பழைய சஞ்சிகைகளில் அதிசயக் கதை ஏதும் கண்டால் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். நல்ல கதையென்றால் தாளைக் கிழிக்காமல் முழுதாகவே சுருட்டிக் கொடுப்பாள். இராணுவச் சோதனைக்காகப் படகு நின்ற நாட்களில் சனங்கள் இன்ன கதை வேண்டுமென்று கேட்டே கச்சான் வாங்கினார்கள்.

ஒருநாள் அன்னப்பூரணி வந்தாள். சுற்றிவளைப்பில் பிடிபட்ட புருசனைப் பார்க்க முகாமுக்குப் போய்வருகிறவள்.

"நட்சத்திரத்துக்குப் போனவன்ட கதை இரிக்காமே அக்கா?"

"அது வேணாம் புள்ள. பேசுற மரம் இரிக்கு, நல்ல சிரிப்பு."

"மரத்தோட நான் என்னத்தப் பேச? அதத் தாங்க."

அந்தக் கதையில் போனவன் இளமையாகவே திரும்புவான், காத்திருந்தவளோ கிழவியாகியிருப்பாள். மங்கையற்கரசி தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள். 'இவள் மனம் உடையக்கூடாது அப்பனே' என்று கொக்கட்டிச்சோலைச் சிவனை வேண்டிக்கொண்டாள்.

அடுத்த கிழமை அன்னப்பூரணி மறுபடி வந்தாள்.

"வாசிச்சியா புள்ள?"

"ஓம் அக்கா. அவளுக்குத் தல நரைச்சிட்டு. நரைச்சா என்ன, அவன் வந்தான்தானே?"

அந்தத் தாளை மடித்து முந்தானையில் முடிந்திருந்தாள்.

"இப்ப அந்த மரத்தயும் தாங்க."