கோச் அங்கிளின் குடிப்பழக்கம்

நனைந்த தோல்பந்தின் வாடையும் தைலத்தின் நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறினால் அன்று சனிக்கிழமை என்று எனக்குத் தெரியும். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருந்த கிரிக்கெட் மைதானத்தில், முட்டை வடிவச் சிவப்புப் பந்தொன்றைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்ற அந்த மனிதரை நாங்கள் "கோச் அங்கிள்" என்று கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுவனாக மெல்பேர்னுக்குப் போய், அங்கே ஆஸ்திரேலிய ஃபுட்போல் ஆடி, பிறகு கலியாணம் கட்டி ரொறன்ரோவுக்கு வந்து கிடங்கொன்றில் பெட்டி ஏற்றியவர். எங்களுக்கு அவர் பழக்கிய ஆட்டம் சுத்த "விசர்" ஆட்டமாக, பைத்தியக்காரர் ஆடுவதாகத் தெரிந்தது: பந்தைக் கையால் குத்தலாம், காலால் உதைக்கலாம், எதிராளியின் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பி அந்தரத்திலேயே பிடிக்கலாம், தலையில் ஹெல்மெட் மட்டும் இல்லை.

ஆடுகளத்தில் தான் மயங்கி விழுந்த கதைகளைத்தான் அவர் பெருமையாகச் சொல்லுவார். "நட்சத்திரம் தெரிஞ்சா எண்ணிக்கொண்டு ஓடு, நிக்காதை!" என்பார், நாங்கள் வயிறு நோகச் சிரிப்போம். ஆனால் எங்களில் ஒருவருக்குத் தலையில் பட்டுவிட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. தூக்கிக்கொண்டு காருக்கு ஓடுவார்.

எனக்குப் பன்னிரண்டு வயதான கோடையில் அவருடைய கால் தடுமாறத் தொடங்கியது. நாக்குக் குழறியது. என்னை என் அக்காவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்; ஒருநாள் காரை எங்கே விட்டோம் என்று தெரியாமல் பிளாசாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். எங்கள் சனத்துக்கு இதற்கெல்லாம் ஒரேயொரு விளக்கம்தானே! "உவன் காலமையே தண்ணியைப் போட்டிட்டு வாறான்" என்றார்கள். நேரே முகத்தைப் பார்த்துக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை, அது மரியாதைக் குறைவாம். ஆகவே அம்மாவும் வேறு சில தாய்மாரும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவர் மனைவியைப் பார்க்கப் போனார்கள். அந்த அன்ரி தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் அக்கா, கொஞ்சம் குடிக்கிறவர்தான்" என்று ஒத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை ஒரு பிள்ளையையும் ஆட்டத்துக்குப் போகவிடவில்லை. மைதானத்தில் கோச் அங்கிள் தனியாக நின்றதை நான் பல்கனியிலிருந்து பார்த்தேன்.

அந்த மனிதர் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. இளம் வயதில் தலையில் வாங்கிய அடிகள் மூளையை அரிக்கத் தொடங்கிவிட்டன என்று டாக்டர் சொல்லியிருந்தது அன்ரிக்கு அப்போதே தெரியும். தங்கள் மகளின் கலியாணம் ஒப்பேறிய பிறகுதான் அன்ரி அம்மாவிடம் வாய் திறந்தார்: "குடிகாரன்ர மகளை எடுப்பினம் அக்கா. விசரன்ர மகளை ஆர் எடுப்பினம்?" அதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை; அன்ரி மேல் பாதி, அவரை அப்படி யோசிக்க வைத்த எங்கள் சனத்தின் மேல் மீதி.

இப்போது அந்த மைதானத்தில் வேலியடைத்து அடுக்குமாடி வீடுகள் கட்டுகிறார்கள். அந்த ஆட்டம் ஆடும் தமிழ்ப் பிள்ளை ஒன்றையும் நான் அந்தப் பக்கம் காணவில்லை. போன மாதம் வோபர்னில் உள்ள பராமரிப்பு இல்லத்தில் அவரைப் பார்க்கப் போனேன். என் பெயர் வரவில்லை, ஆனால் "ரீமில்", தன் அணியில், ஆடிய பிள்ளை என்று பிடித்துவிட்டார். முதுகுக்குப் பின்னால் ஊர் பேசியதெல்லாம் இத்தனை காலமும் அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அது பொய் என்று சொல்வதற்கு அவரிடம் ஞாபகம்தான் மிஞ்சவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்:

"பிள்ளை, நான் குடியை விட்டிட்டன். சத்தியமா விட்டிட்டன். அம்மாட்டைச் சொல்லு, பிள்ளையளைத் திரும்ப அனுப்பச் சொல்லி."