ஷீட்டின் மறுமுனை

என் மனைவி செல்வி இறந்தபின் தனியாகச் செய்த முதல் வேலை அது. ராஜபாளையத்தில், ஓர் அம்பாசிடர் காரின் கூரைக்குக் கறுப்பு ஸ்டிக்கர் ஷீட் ஒட்ட வேண்டும். நீள அகலம் அளந்து, ஓரம் மடிக்கவும் சேர்த்தே வாங்கியிருந்தேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்பதைத்தான் யோசிக்கவில்லை. எப்போதும் அவள்தான் பிடிப்பாள்.

காற்றில் ஷீட் சுருண்டது. தேவதானம் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார். ஒட்டுகிற கவனத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ஏட்டி செல்வி, விட்டுராத!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்க்கக் கூசினேன்.

"விடல அண்ணாச்சி. நீங்க ஒட்டுங்க."

அவருடைய பஸ் வந்து போயிற்று. முடியும்வரை பிடித்திருந்தார். செல்வி யாரென்று கேட்கவே இல்லை. அன்று அது பெரிய ஆறுதலாக இருந்தது. இப்போது, கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு ஆளில்லை.