பீரோ மேல் போன சூடம்

நீலசந்திராவில் எங்கள் வீட்டுக்கு, மறதி நோயுள்ள என் மாமியாருக்குத் துணையிருக்க, ஸ்டெல்லா அக்கா வாரம் ஒருநாள் தொண்டாக வருவார். அவர் வந்துபோனால் பூஜை அலமாரியிலிருந்த சூடம் பீரோ மேல் கிடக்கும். நம்ம சாமி இவருக்கு ஆகாதோ என்று எனக்குச் சந்தேகம். கேட்காமலே திரும்பக் கீழே வைப்பேன்.

ஒருநாள் கோயிலுக்குப் போவதுபோல் கிளம்பி, ஜன்னலோரம் நின்று பார்த்தேன். அத்தை சூடத்தை எடுத்து வாயில் போட்டார்! ஸ்டெல்லா அக்கா பாய்ந்து, விரலை விட்டு எடுத்தார். பதறி உள்ளே ஓடினேன்.

"கல்கண்டுன்னு நினைச்சுக்கறாங்கம்மா. உங்க வீட்டுக்காரர்கிட்ட அன்னைக்கே சொன்னேனே!"

இவரைக் கேட்டால், "அய்யோ, மறந்துட்டேன்டி" என்கிறார்.

முருகன்தான் காப்பாற்றினான். இப்போது சூடத்தைப் பூட்டி வைக்கிறேன். அர்ச்சனைக்கு ஸ்டெல்லா அக்கா பெயரையும் கொடுக்கிறேன். ஐயர் நட்சத்திரம் கேட்டால் அத்தையுடையதையே சொல்லிவிடுவேன்.