பிலோமினாவின் காதுக்குப் போன வெளிச்சம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மனிசி பிலோமினா சிரித்தாள். இதில் என்ன புதினம் என்கிறீர்களா? கனடாவிலிருந்து மகள் வீடியோ கோலில் ரீவியில் வந்து பகிடி சொல்லி முடித்த அதே கணத்தில் சிரித்தாள்! இரண்டு வருஷமாக, நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறவள்... காது அவ்வளவு மந்தம்.

எல்லாம் என் கைவேலை. கேளுங்கள்.

மகள் ஜெசிந்தா ஒரு ஹெட்போன் அனுப்பியிருந்தாள். கூடவே வந்த சின்னப் பெட்டியை ரீவியில் கொழுவினால், வயர் இல்லாமலே சத்தம் காதுக்கு வருமாம். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போய் மூன்று வள்ளம் வாங்கியவன் நான். எனக்கா தெரியாது? எங்கள் ஊர் சுருவிலில் முதன்முதல் வள்ளத்தில், கரையோடு பேசுகிற வோக்கி ரேடியோ பூட்டியவனே நான்தான். ஏரியல் எவ்வளவு உயரமோ, அவ்வளவு நல்லாகக் கேட்கும். பெட்டியைக் கூரை வளையில் தூக்கிக் கட்டினேன்.

"கேக்குதோ?"

"இல்லை."

இன்னும் உயர்த்தினேன்.

"இல்லையப்பா, விடுங்கோ. இனி எனக்குக் கேட்டுத்தான் என்ன?" ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டாள்.

அந்தச் சொல் சுட்டது. கடலில் எத்தனையோ மைல் தாண்டிப் பேசியவனுக்கு, வீட்டுக்குள் பத்தடி தாண்ட ஏலவில்லையே!

மகளுக்குப் போன் எடுத்தேன்.

"ஐயோ அப்பா, அது வோக்கி இல்லை. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்திலைதான் சத்தம் வருது. பெட்டியைப் போன் கமராவாலை பாருங்கோ."

பார்த்தேன் — ஊதாப் பொட்டுகள் மின்னின!

வெளிச்சமென்றால் எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. வெளிச்சவீட்டைக் கரை மறைத்தால் வள்ளத்துக்குத் தெரியுமா? பெட்டியை இறக்கி, ரீவிக்கு முன்னால் அவள் இருக்கிற கதிரையைப் பார்க்க வைத்து, ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டேன். பிலோமினா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

ஆனால் குசினிக்குள் போனால் சத்தம் அறுந்தது. சுவர் மறைக்கிறது. விடுவேனா? அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றி வாசலில் சரித்து வைத்தேன். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி அடுப்படி வரைக்கும் போனது. எந்த இஞ்சினியருக்கு இந்த யோசனை வரும், சொல்லுங்கள்?

ஞாயிறு அவள் சிரித்ததும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. எழும்பி ரீவிக்கு முன்னால் நின்று, என் கெட்டித்தனத்தை மகளுக்கு விளக்கத் தொடங்கினேன்.

"இஞ்சாருங்கோ... கொஞ்சம் விலத்துங்கோ. நீங்கள் மறைக்கிறியள். பிள்ளையின்ரை குரல் வரேல்லை."

கதிரையை ஓரமாக இழுத்துப் போட்டு இருந்தேன். அரை மணித்தியாலம் வாயே திறக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அவ்வளவு நேரம் வாய் மூடி இருந்ததைச் சுருவிலில் ஒருவருக்கும் சொல்லாதீர்கள் — நம்பமாட்டார்கள்.