ஒரு ஆளுக்கு என்ன குழம்பு?

போன மாதம் ஒரு புதன்கிழமை, நர்ஸ் பெண் ஒருத்தி என்னிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டாள். போனில்தான். பட்டென்று லைனைக் கட் பண்ணிவிட்டேன்.

எனக்குக் கோபம் வரும் என்பது இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குப் புதிதில்லை. பிரஷரும் இருக்கிறது என்பது புதிதாக இருக்கலாம். இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்தேன்.

எங்கள் பகுதி அரசு சுகாதார நிலையத்தில் ஓர் ஏற்பாடு. பிரஷர்காரர்களுக்கு வாரம் ஒருமுறை போன் செய்து விசாரிப்பார்கள். எனக்கு வாய்த்தவள் முத்துச்செல்வி. நாங்குநேரிப் பெண், இங்கே பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். நேரில் பார்த்ததில்லை. குரல்தான் பழக்கம்.

“அம்மா, மாத்திர போட்டாச்சா?”

“ஆச்சு.”

“உப்பக் கொறச்சாச்சா?”

“ஆச்சு.”

“மெஷின்ல எவ்வளவு காட்டுது?”

அங்கேதான் இடிக்கும். நூற்று எழுபது. அடுத்த வாரமும் அதே. மாத்திரையை மாற்றினார்கள், அப்போதும் இறங்கவில்லை. டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார் — இப்படியே போனால் ஒருநாள் கை கால் விழுந்துவிடும்.

விழுந்தால் யார் பார்ப்பது? என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருடமாகிறது. மகள் ஓசூரில். பால்காரர் கதவைத் தட்டுவதில்லை, கேட்டில் தொங்கும் பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். நான் அடுப்படியில் விழுந்து கிடந்தால், அந்தப் பை நிறைந்த பிறகுதான் தெருவுக்குத் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது. சொல்வதற்கென்ன?

அன்றைக்கு முத்துச்செல்விக்கே பொறுமை போய்விட்டது.

“நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க? அப்படியே சொல்லுங்க.”

“தயிர்சோறு. நார்த்தங்கா ஊறுகா.”

“ராத்திரி?”

“மிச்சச் சோறு கெடந்துச்சு. மோர ஊத்தி, அப்பளம் பொரிச்சுக்கிட்டேன்.”

“முந்தாநாளு?”

“அதேதான். அப்பளத்துக்குப் பதிலா மோர்மிளகா.”

“கொழம்பு?”

“வைக்கல.”

“அம்மா... பூராவும் உப்புல்லா!”

நான் விடுவேனா? உப்பு டப்பாவைத் தொட்டே பல நாளாகிறது என்று சண்டைக்குப் போனேன். பொய்யில்லை... சமைத்தால்தானே உப்புப் போடுவதற்கு? ஊறுகாயில் இருப்பதும், கல்லிடைக்குறிச்சி அப்பளத்தில் இருப்பதும் அடுத்தவர்கள் போட்ட உப்பு. அது என் கணக்கில் வராது என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன். வாராவாரம் உங்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் நான்!

அப்போதுதான் அவள் அதைக் கேட்டாள்.

“யார்கூடம்மா ஒக்காந்து சாப்பிடுதீங்க?”

கட்.

கோபம் ஆற இரண்டு நாள் ஆயிற்று. அவள் மீது என்ன தப்பு? என் கைக்கு நாலு பேர் அளவுதான் தெரியும். அவர் போன புதிதில் ஒருநாள் புளிக்குழம்பு வைத்தேன். சட்டி நிறைய வந்து நின்றது. ஃப்ரிட்ஜில் வைத்துச் சுடவைத்து, சுடவைத்து... கடைசியில் சிங்க்கில் கொட்டினேன். கொட்டும்போது அழுதேன். அதன் பிறகு குழம்புச் சட்டியை மேல் ஷெல்ஃபில் ஏற்றிவிட்டேன். ஊறுகாய் பாட்டிலுக்கு ஆள் கணக்கு இல்லை பாருங்கள், மூடியைத் திறந்தால் போதும்.

உப்பைக் குறையுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த உப்பு யார் போன இடத்தில் வந்து உட்கார்ந்தது என்று யார் கேட்கிறார்கள்? இவள் கேட்டுவிட்டாள்.

இனி போன் செய்ய மாட்டாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த புதன்கிழமை வழக்கமான பத்து மணிக்குப் போன் வரவில்லை. சரி, போச்சு. மத்தியானம் தட்டைப் போட்டு உட்கார்ந்தபோது மணி அடித்தது.

“அம்மா, நான் இப்பத்தான் டிபன்பாக்ஸத் தொறக்கேன். ஸ்பீக்கர்ல போட்டுட்டு நீங்களும் சாப்பிடுங்க. இன்னைக்கு என்ன கொழம்பு?”

மகளும் தினம் ராத்திரி கேட்கிறாள் — “சாப்ட்டியாம்மா?” அதற்கு “ஆச்சு” என்று சொல்லித் தப்பித்துவிடலாம். என்ன குழம்பு என்றால் எப்படித் தப்பிப்பது? இரண்டு வருடமாக யாரும் கேட்காத கேள்வி.

“வைக்கல” என்றேன். கையோடு, “ஏளா, ஒனக்கு என்ன?” என்று திருப்பிக் கேட்டேன்.

டிபன்பாக்ஸை மறுபடி மூடுகிற சத்தம் கேட்டது.

“லெமன் சோறும்மா... ஊறுகா.”

“நல்லா இருக்குளா ஒன் நியாயம்!”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

சாயங்காலம் குழம்புச் சட்டியைக் கீழே இறக்கினேன். சின்னதாக ஒரு கத்தரிக்காய், சுண்டுவிரலளவு புளி, ஒரு சிட்டிகை உப்பு. முதல் தடவை தண்ணீராக ஓடியது. இப்போது பரவாயில்லை. மெஷினும் நூற்று ஐம்பதுக்கு இறங்கியிருக்கிறது. இன்னும் இறங்கணும் என்கிறாள்.

அவள் கூப்பிடுவது புதன்கிழமை மட்டும்தான். அவளுக்கு என்னைப் போல எத்தனை பேரோ! ஆனாலும் மற்ற நாளிலும் குழம்பு வைக்கிறேன். தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொள்கிறேன். திடீரென்று யாராவது கேட்டுவிட்டால் சொல்ல வேண்டுமே.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது தனியாக இருந்தால், மாத்திரையை அப்புறம் விசாரிக்கலாம். முதலில் குழம்பை விசாரியுங்கள்.

எங்கள் வீட்டில் இன்றைக்கு வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு — யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.